1014 என்பவரின் கோப்புகள்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். அலுவலகத்தின் லினக்ஸ் சர்வரில் எனக்கு ஒரு கணக்கு திறந்து கொடுத்திருந்தார்கள். பொது டிஸ்க்கில் யார் யார் என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று சும்மா உலாவிக்கொண்டிருந்தேன். ஒரு டைரக்டரியில் நாற்பதுக்கும் மேல் கோப்புகள். சொந்தக்காரர் பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயர். தேதியைப் பார்த்தால், அந்த அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாத காலம்.

புதிதாக வருபவனுக்கு யாரோ எடுத்துவைத்த பயிற்சிக் கோப்புகள் போல என்று நினைத்து ஒன்றைத் திறந்தேன். வீட்டு வாடகை, பாப்பா ஸ்கூல் ஃபீஸ், அம்மா மாத்திரை, நகைக்கடன் வட்டி. மாதாமாதம் வரிசையாக. கடைசி மாதத்தில் சம்பளம் மட்டும் எழுதியிருந்தது, செலவுப் பக்கம் காலி. சட்டென்று மூடிவிட்டேன்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "அண்ணே, என் பேர்ல வேற யாரோட ஃபைலோ இருக்கு." அவர் என் திரையில் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அவரு போன வருஷம் ஆக்சிடென்ட்ல போயிட்டாரு தம்பி. அக்கவுன்ட்ட எடுத்துட்டோம், ஃபைல எடுக்கல. அவருக்கப்புறம் இந்த மெஷின்ல சேர்ற முத ஆளு நீதான். அவரு நம்பர் உனக்கு வந்து உக்காந்துருச்சு."

அந்த எண் 1014. யூனிக்ஸ் வழிவந்த எந்த அமைப்பிலும் கோப்புக்குள் சொந்தக்காரரின் பெயர் கிடையாது. ஐநோட் என்று ஒரு சிறிய பதிவு இருக்கும். அதில் கோப்பின் அளவு, தேதி, டிஸ்க்கில் அது கிடக்கும் இடம், கூடவே சொந்தக்காரரின் எண். பெயர்களெல்லாம் வேறொரு பட்டியலில். பட்டியலில் 1014-க்கு நேராக எந்தப் பெயர் இருக்கிறதோ அதைத் திரை காட்டும். பெயரே இல்லையென்றால் வெறும் எண்ணைக் காட்டும். ஓராண்டாக வெறும் எண்ணாகக் கிடந்த கோப்புகள்தாம் என் கணக்கு திறந்த நிமிடத்தில் என் பெயருக்கு மாறியிருந்தன. இதைவிட முக்கியம், அவர் அவற்றுக்கு வைத்த பூட்டு. 'சொந்தக்காரர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்' என்று எல்லாக் கோப்புகளுக்கும் அனுமதி வைத்திருந்தார். அந்தப் பூட்டு எனக்குத் திறந்தது. கணினியின் கண்ணுக்கு நான்தான் அவர்.

இப்படி ஒரு ஏற்பாட்டை யார், எதற்காகச் செய்தார்கள் என்று தேடப் போய்த்தான் இந்தக் கதைகள் எல்லாம் கிடைத்தன.

தொடக்கம் நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகம். எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் மூன்றும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான அமைப்பிலிருந்து 1969-இல் பெல் விலகிக்கொண்டது. மல்டிக்ஸில் அனுமதி விஷயம் மிக விரிவானது. எந்தக் கோப்பை யார் யார் என்ன செய்யலாம் என்று ஆள்வாரியாகப் பட்டியல் போடலாம். அந்த வேலையிலிருந்து திரும்பிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் கைவசம் கிடைத்த ஒரு சின்ன பிடிபி-7 கணினியில் தங்களுக்கென்று ஒன்றை எழுத ஆரம்பித்தார்கள். கல்யாண மண்டபம் கட்டும் வேலையிலிருந்து வந்தவர்கள் திண்ணை போட்ட மாதிரி.

1971 நவம்பரில் வந்த முதல் பதிப்புக் கையேட்டில் அனுமதிகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். மொத்தம் ஆறே பிட்டுகள். சொந்தக்காரர் படிக்க ஒன்று, எழுத ஒன்று. மற்றவர்கள் படிக்க ஒன்று, எழுத ஒன்று. இதை நிரலாக இயக்கலாமா என்பதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. ஆறாவதாக இன்னொன்று உண்டு, அதற்குத் தனியாக வருகிறேன். குழு என்ற பேச்சே இல்லை. உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: நான், என்னைத் தவிர மற்ற எல்லோரும். சொந்தக்காரர் எண்ணுக்கு ஒரே ஒரு பைட் ஒதுக்கியிருந்தார்கள். 0 முதல் 255 வரை. ஒரு கணினியை அதற்குமேல் எத்தனை பேர் பகிர்ந்துகொள்ளப் போகிறார்கள்!

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. அந்தச் சமயம் அவர்களிடம் இருந்த பிடிபி-11/20 கணினியில் நினைவகப் பாதுகாப்பு கிடையாது. ஒருவர் எழுதிய நிரல் தப்பான இடத்தில் கை வைத்தால் மொத்த அமைப்பும் படுத்துவிடும். அதே கணினியில்தான் பெல்லின் காப்புரிமைப் பிரிவின் தட்டச்சர்கள் விண்ணப்பங்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். புது நிரலை ஓட்டிப் பார்ப்பதற்கே கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது என்று ரிட்சி பின்னாளில் எழுதியிருக்கிறார். சுவரே இல்லாத வீட்டில் அலமாரிக்கு மட்டும் பூட்டு. ஆகவே அந்த ஆறு பிட்டுகளைத் திருடனுக்கு எதிரான காவல் என்று நான் நினைப்பதில்லை. ஒரே அறையில் வேலை பார்ப்பவர்கள் 'இது என்னுடையது, கை வைக்காதே' என்று ஒட்டிவைத்த சீட்டு அது. அதே சீட்டுதான் இன்று வங்கிகளின் சர்வர்களில் காவல் நிற்கிறது.

அடுத்தடுத்த பதிப்புகளில் குழு வந்தது. இன்று நாம் பார்க்கும் ஒன்பது எழுத்து வரிசை அப்படித்தான் உருவானது: சொந்தக்காரருக்கு மூன்று, குழுவுக்கு மூன்று, மற்றவர்களுக்கு மூன்று. 755, 644 என்று நாம் மந்திரம் போல அடிக்கும் எண்கள் இந்த மும்மூன்று பிட்டுகளின் எட்டடிமான வடிவம்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் கர்னல் இதை வாசிக்கும் விதம் விசித்திரமானது. முதலில் நீ சொந்தக்காரனா என்று கேட்கும். ஆமாம் என்றால் சொந்தக்காரனின் மூன்று பிட்டுகளை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிடும், மற்ற ஆறைத் திரும்பியே பார்க்காது. இல்லையென்றால் குழுவில் இருக்கிறாயா என்று கேட்கும். அங்கேயும் அப்படியே. ஆக, சொந்தக்காரருக்கு ஒன்றும் இல்லை, மற்ற எல்லோருக்கும் எல்லாம் உண்டு என்று ஒரு கோப்பை அமைக்கலாம். ஊரே படிக்கும், எழுதியவன் மட்டும் வெளியே நிற்பான். அனுமதியை மாற்றும் அதிகாரம் எப்போதும் சொந்தக்காரரிடம் இருப்பதால் அவன் சிஎச்மாட் அடித்து உள்ளே வந்துவிடலாம் என்பது வேறு விஷயம். குழுவுக்கு அந்த வசதியும் இல்லை. குழுவின் மூன்று பிட்டுகளை அணைத்துவிட்டு மற்றவர்களுக்குத் திறந்துவைத்தால், அந்தக் குழு என்பது ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியலாக மாறிவிடும். சலுகைக்கென்று உண்டாக்கிய இடம் விலக்கி வைக்கவும் பயன்படும். இதை வேண்டுமென்றே செய்தவர்களும் உண்டு.

இப்போது அந்த ஆறாவது பிட்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மூ என்று ஒரு விளையாட்டு கணினிக்காரர்களிடையே பிரபலமாக இருந்தது. கணினி மனதில் நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். சரியான இலக்கம் சரியான இடத்தில் வந்தால் காளை, இடம் தவறினால் பசு. ஜெயித்தவர்களின் பட்டியலை ஒரு கோப்பில் வைத்தால் ஒரு சிக்கல் வரும். விளையாடுபவர் அந்தக் கோப்பில் எழுத முடிய வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் ஏறாது. அவரால் எழுத முடிந்தால், விளையாடாமலேயே தன் பெயரை மேலே ஏற்றிக்கொள்வார். ஆலெஃப்-நல் என்ற புனைபெயரில் ஒருவர் 1971-இல் ஒரு மென்பொருள் ஆய்விதழின் பத்தியில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தார்.

ரிட்சியின் விடை ஒரே ஒரு பிட். அதன் பெயர் செட்-யுஐடி. அது இருக்கும் நிரலை யார் ஓட்டினாலும், ஓடும் நேரத்துக்கு மட்டும் அது நிரலின் சொந்தக்காரருடைய அதிகாரத்தில் ஓடும். மதிப்பெண் கோப்பு விளையாட்டை எழுதியவருக்குச் சொந்தம், வேறு யாரும் தொட முடியாது. ஆனால் விளையாட்டு நிரல் வழியாகப் போனால் தொடலாம், அதுவும் நிரல் அனுமதிக்கிற அளவுக்கு. 1974 ஜூலையில் ரிட்சியும் தாம்சனும் யூனிக்ஸை உலகுக்கு அறிமுகப்படுத்திய புகழ்பெற்ற கட்டுரையில், மூ கணக்கை இது சுலபமாகத் தீர்த்துவிடுகிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி வரும். நிர்வாகி யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, சாதாரணப் பயனர் யாரும் இதைச் செய்துகொள்ளலாம் என்பதில்தான் அவர்களுக்குப் பெருமை.

பெல் இதற்குக் காப்புரிமை கேட்டு 1973-இல் விண்ணப்பித்தது. 1979 ஜனவரியில் ரிட்சியின் பெயரில் கிடைத்தது, எண் 4,135,240. பிறகு அதைப் பொதுமக்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். கோப்புகளின் உரிமை பற்றிய கண்டுபிடிப்பு, கடைசியில் யாருக்கும் உரிமையில்லாததாக ஆனது.

சும்மா சொல்லக்கூடாது, அழகான யோசனை. ஆனால் ஐம்பது வருடமாக யூனிக்ஸின் பாதித் தலைவலி இந்த ஒரு பிட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. காரணம், எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் என்ற பயனருக்குச் சொந்தமான நிரல்களிலும் இதை வைத்தார்கள். வைக்காமலும் முடியாது. உங்கள் கடவுச்சொல்லை நீங்களே மாற்ற வேண்டுமென்றால், உங்களால் தொட முடியாத ஒரு கோப்பில் உங்கள் சார்பாக யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்? அப்படி ஒரு நிரலில் சின்ன ஓட்டை இருந்தாலும் அது ரூட்டுக்கான வாசல்.

எனக்கு மிகவும் பிடித்த ஓட்டை, டைரக்டரி உண்டாக்கும் எம்கேடிர். அந்தக் காலத்தில் டைரக்டரி உண்டாக்க ரூட்டால் மட்டுமே முடியும். எனவே எம்கேடிர் ரூட்டின் செட்-யுஐடி நிரல். அது இரண்டு படிகளில் வேலை செய்யும். முதலில் டைரக்டரியை உண்டாக்கும், அப்போது அது ரூட்டுக்குச் சொந்தம். அடுத்து, 'இன்ன பெயரில் இருப்பதை இந்தப் பயனருக்குக் கொடு' என்று சொந்தக்காரரை மாற்றும். இரண்டுக்கும் நடுவே கண் இமைக்கும் நேரம். கணினி வேறு வேலைகளில் திணறிக்கொண்டிருந்தால் அந்த நேரம் நீளும். அந்த இடைவெளியில் ஒருவன் புது டைரக்டரியை அழித்துவிட்டு, அதே பெயரில் கடவுச்சொல் கோப்புக்கு ஒரு இணைப்பு வைத்துவிடுவான். எம்கேடிர் நல்ல பிள்ளையாக வந்து இரண்டாம் படியைச் செய்யும். முடிந்தது, மொத்த அமைப்பின் கடவுச்சொல் கோப்பும் இப்போது அவனுக்குச் சொந்தம். 1983-இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி, டைரக்டரி உண்டாக்குவதைக் கர்னலே ஒரே மூச்சில் செய்யும் வேலையாக மாற்றிய பிறகுதான் இந்த வழி அடைபட்டது.

என் கதையில் அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. அண்ணன் சொன்னார், "நீ எதையும் டெலீட் பண்ணிராத." நான் அப்பாவியாக, "படிக்க மட்டும்னு வச்சிட்டா டெலீட் ஆகாதுல்ல?" என்று கேட்டேன். சிரித்தார். யூனிக்ஸில் கோப்பை அழிப்பதற்கும் கோப்பின் அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை. டைரக்டரி என்பது பெயர்களின் பட்டியல். அழிப்பது என்றால் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பது. எனவே கேட்கப்படுவது ஒன்றுதான்: அந்தப் பட்டியலில் எழுத உனக்கு அனுமதி இருக்கிறதா? இருந்தால், உனக்குச் சொந்தமில்லாத, உன்னால் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாத கோப்பையும் அழித்துவிடலாம்.

எல்லோரும் எழுதக்கூடிய தற்காலிக டைரக்டரிகளில் இது பெரிய தொல்லை. யாருடைய கோப்பையும் யாரும் தூக்கிப் போடலாம். 1986-இல் 4.3 பிஎஸ்டி இதற்கு ஒரு வழி செய்தது. ஸ்டிக்கி பிட் என்று ஒரு பழைய பிட் இருந்தது. அடிக்கடி ஓடும் நிரலை முடிந்த பிறகும் ஸ்வாப் பகுதியிலேயே ஒட்டவைத்திருக்க எழுபதுகளில் உண்டாக்கியது. டைரக்டரியில் அந்தப் பிட்டுக்கு அர்த்தம் ஏதும் இல்லாமல் இருந்தது. சரி, டைரக்டரியில் இது இருந்தால் கோப்பின் சொந்தக்காரரோ டைரக்டரியின் சொந்தக்காரரோ ரூட்டோ மட்டும்தான் அழிக்கலாம் என்று வைத்தார்கள். ஒட்டவைக்கும் பழைய வேலை வழக்கொழிந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்களில் குளம் போய்க் குளத்தூர் நிற்பதில்லையா.

"அப்ப இந்த ஃபைல எல்லாம் நானே வேற பேருக்கு மாத்திரட்டுமா?" என்று கேட்டேன். முடியாது. சொந்தக்காரரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையை லினக்ஸில் ரூட் மட்டுமே கொடுக்க முடியும். என்னுடையதை நான் தானம் கொடுக்கக்கூடாதா? 1979-இல் வந்த ஏழாம் பதிப்புக் கையேடு இதற்குச் சொல்லும் காரணம் கணினிக் கையேடுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த நகைச்சுவை. கோப்புகளை அடுத்தவர் பெயரில் தள்ளிவிட்டால் டிஸ்க் இடக் கணக்கு வைப்பவர்களை ஏமாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டு, அப்படியொரு கணக்கு இங்கே கிடையாது என்பதையும் அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொள்கிறது. இல்லாத வரியைக் கட்டாமல் ஏய்க்கக் கூடாது என்று ஒரு சட்டம்! பிறகு ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஃபைவ் தானம் கொடுக்கலாம் என்றது. பெர்க்லிக்காரர்கள் உண்மையாகவே ஆளுக்கு இவ்வளவு இடம் என்று கோட்டா கொண்டுவந்ததால் கூடாது என்றார்கள். 1988-இல் பொதுத் தரம் எழுத உட்கார்ந்த போசிக்ஸ் குழு எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டையும் அனுமதித்துவிட்டு எழுந்துபோனது. மல்டிக்ஸ் பாணியில் ஆள்வாரிப் பட்டியலைத் தரப்படுத்தும் முயற்சியும் நடந்தது. வரைவு மேல் வரைவாகப் போய் 1998-இல் கைவிடப்பட்டது.

இந்தச் சொத்துக் கணக்கே வேண்டாம் என்று இருந்தவர்களும் உண்டு. எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் ஐடிஎஸ் என்ற அமைப்பு ஓடியது. ஆரம்பத்தில் அதில் கடவுச்சொல் கிடையாது, கோப்புக்குப் பூட்டு கிடையாது. யாருடைய கோப்பையும் யாரும் திருத்தலாம். கணினியை வீழ்த்துவதை ஒரு சாதனையாக நினைத்து யாரும் மெனக்கெட வேண்டாம் என்று, அதை வீழ்த்துவதற்கென்றே ஒரு கட்டளையை வைத்திருந்தார்கள். அங்கே வளர்ந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். பிறகு அந்தக் கூடத்துக்கு வந்த ட்வெனெக்ஸ் அமைப்பில் 1984-இல் சிலர் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி அதிகாரத்தைத் தங்களிடம் மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். கர்னலைத் திருத்தி அதை முறியடித்ததாக ஸ்டால்மன் சொல்கிறார். எங்கே சொல்கிறார் தெரியுமா? வேறொரு பயனராக மாறும் எஸ்யு என்ற துக்கடாக் கட்டளையின் க்னு கையேட்டில். வேறு சில யூனிக்ஸ்களில் வீல் என்ற குழுவில் இருப்பவர்கள் மட்டுமே எஸ்யு வழியாக ரூட்டாக மாற முடியும். கடவுச்சொல் தெரிந்திருந்தாலும் மற்றவர்களுக்கு இல்லை. ரூட் கடவுச்சொல் தெரிந்த ஒருவர் சாதாரண மக்களின் பக்கம் சாய்ந்து அதை வெளியே சொன்னால் அது அவர்களுக்குப் பயன்படாமல் போய்விடும், எனவே இந்தத் தடையை நான் வைக்கமாட்டேன் என்பது அவர் வாதம். ஒரு கட்டளையின் விளக்கக் குறிப்பில் இப்படி ஒரு அரசியல் அறிக்கை!

இருந்தும் அந்த வீட்டுச் செலவுக் கணக்கைத் திறந்தவன் என்ற முறையில் என்னால் முழுக்க ஸ்டால்மன் பக்கம் போக முடியவில்லை. அந்த மனிதர் அதை மூடித்தான் வைத்திருந்தார்.

எண்ணை நம்புவதன் வினோதம் நெட்வொர்க் வந்தபோது இன்னும் பெருகியது. எண்பதுகளின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்எஃப்எஸ்-ஐக் கொண்டுவந்தது, ஒரு கணினியின் டிஸ்க்கை இன்னொன்றிலிருந்து பயன்படுத்தும் வசதி. 'நான் 1014' என்று கேட்கும் கணினி சொன்னால் கொடுக்கும் கணினி அப்படியே நம்பிக்கொள்ளும். இங்கே ஒருவர், அங்கே வேறொருவர், எண் ஒன்று என்றால் கோப்புகள் கை மாறும். ரூட்டாக வந்து கேட்பவரை மட்டும் நம்பாமல் 'நோபடி' என்று ஒரு யாருமற்றவராக மாற்றிவிடுவார்கள். அந்த யாருமற்றவருக்கும் எண் உண்டு. ஆரம்பத்தில் மைனஸ் இரண்டு. பதினாறு பிட்டில் எழுதினால் 65534. என் சர்வரின் பட்டியலிலும் அவர் இருக்கிறார்.

அண்ணன் அன்று சாயங்காலமே வேலையை முடித்துவிட்டார். இறந்தவரின் பெயரை அதே 1014 எண்ணோடு மறுபடியும் பட்டியலில் ஏற்றினார். உள்ளே நுழைய முடியாத கணக்காக. "இனிமே அந்த நம்பர் யாருக்கும் போகாது," என்றார். எனக்கு 1015. எண்ணை மாற்றும் கட்டளை என் ஹோம் டைரக்டரியில் இருப்பதை மட்டும் தானாக மாற்றிக்கொடுக்கும். பொது டிஸ்க்கில் அந்த மூன்று நாளில் நான் போட்டவை எல்லாம் 1014 என்றுதான் நிற்கும், அதாவது இப்போது அவர் பெயரில். அவற்றைத் தேதி வைத்துப் பிரித்தார். நான் சேர்ந்த நாளுக்கு முன்னால் என்றால் அவருடையது, பின்னால் என்றால் என்னுடையது. அவருடைய டைரக்டரியை ஒரு சிடியில் எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஒன்று மட்டும் தப்பிவிட்டது. கல்லூரியில் எழுதிய ஒரு சிறுகதையைப் பழைய தேதி மாறாமல் பென் டிரைவிலிருந்து நகலெடுத்துப் பொது டிஸ்க்கில் போட்டிருந்தேன். தேதிக் கணக்கில் அது அவர் பக்கம் போய்விட்டது. அனுமதி 644. சொந்தக்காரர் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். ஸ்டிக்கி பிட் போட்ட டைரக்டரி, அதனால் என்னால் அழிக்கவும் முடியாது. எப்போதாவது போய்ப் பார்ப்பேன். இரண்டாம் பத்தியில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது. அண்ணனிடம் சொன்னால் ஒரு நிமிட வேலை. இன்னும் சொல்லவில்லை.